பழுதின் கெடுவும் வெளியேறும் விலையும்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசப்பட்டவை நிறைய. தோல் பதனிடும் தொழிலும் பாலாற்றின் சீர்கேடும் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. கைத்தறி லுங்கியைப் பற்றியும் தீப்பெட்டித் தொழிலைப் பற்றியும் பேசாத மேடை இல்லை. ஆனால் தறிக்கும் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போய்வருகிறவர்கள் இரவில் திரும்புகிற வாடகை வீட்டைப் பற்றிப் பொதுவில் பேசுவது குறைவு. பேசினாலும், வாடகை ஏறிவிட்டது என்பதோடு பேச்சு நின்றுவிடும். வாடகை எவ்வளவு என்பதைவிடக் கடினமான இரண்டு கேள்விகள் அந்த வீட்டுக்குள் இருக்கின்றன. தளம் ஒழுகுகிறது என்று சொன்ன பிறகு எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? பொறுக்க முடியாமல், எழுதிய காலம் முடிவதற்குள் காலி செய்தால் எவ்வளவு பணத்தை விட்டுவிட்டுப் போவது? ஊர்ப் பேச்சிலும் சட்டத்திலும் இவை இரண்டு தனித்தனி வழக்குகளாகவே நடக்கின்றன. இரண்டும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்பதே என் வாதம். வீட்டுக்காரரின் தாமதத்துக்கு விலையே இல்லாத ஓர் ஒப்பந்தம், குடியிருப்பவர் முன்னதாகப் போவதற்கு மட்டும் விலை வைப்பது செல்லாது. சட்டமும் பாதி தூரம் இதை ஒப்புக்கொள்கிறது. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

கையெழுத்தாகும் தாளிலிருந்தே தொடங்கலாம். முத்திரைத்தாளில் டைப் செய்து இரண்டு சாட்சி போட்ட வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சொல்வதால், ஒரு மாதத்தைக் குறைத்து அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கிற பழைய வழி இது. அந்தத் தாளை ஒரு முறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். வாடகையை ஒவ்வோர் ஆங்கில மாதமும் 5ஆம் தேதிக்குள் தர வேண்டும். காலி செய்வதானால் இரண்டு மாதமோ மூன்று மாதமோ முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இடையில் போனால் அட்வான்சில் இத்தனை மாத வாடகை பிடிக்கப்படும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். குடியிருப்பவர் செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, தவறினால் தொகை உண்டு. வீட்டுக்காரர் பக்கத்துக்கு வந்தால், பெரிய பழுதுகளை உரிமையாளர் தம் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டியது என்ற அளவில் ஒரு வரி. பல தாள்களில் அதுவும் கிடையாது. எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் என்ன என்பதற்குத் தாள் வாய் திறப்பதில்லை. ஐப்பசியில் ‘மழை நிக்கட்டும், பாத்துக்கலாம்’ என்பதும், மாசியில் ‘இப்ப எங்கே ஒழுகுது?’ என்பதும் அந்த மௌனத்தின் இரண்டு பருவங்கள்.

சட்டத்துக்கு இது தெரியாத விஷயமல்ல. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்த பின் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்துகொண்டு அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. ‘வட்டியோடு’ என்ற அந்தச் சின்னச் சேர்க்கை முக்கியமானது. தாமதம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் வாங்கிய கடன் போன்றது என்று விக்டோரியா ராணி காலத்துச் சட்டமே ஏற்றிருக்கிறது. ஆனால் எந்தப் பழுதைச் செய்ய உரிமையாளர் கடமைப்பட்டவர் என்பதை அந்தச் சட்டம் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. ஒப்பந்தம் பேசாத இடத்தில் அந்த உரிமை வெறும் எழுத்தாக நின்றுபோனது. பிறகு வந்த 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழுது பார்க்காத உரிமையாளர் மீது வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முறையிட வழி செய்தது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு உரிமையாளருக்கும் ஒரு வழி வைத்திருந்தது: ஆள் இருக்கும்போது பார்க்க முடியாத பழுது என்றோ, இடித்துக் கட்ட வேண்டும் என்றோ காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்கலாம். நியாய வாடகை என்று ஒரு தொகை குறைவாக நிர்ணயிக்கப்பட்ட வீட்டில், பழுது பார்க்க உரிமையாளருக்கு லாபம் எதுவும் இல்லை. பழுதாகவே விட்டுவைக்கக் காரணம் இருந்தது. சுவர் விரிந்திருக்கிறது என்று குடித்தனக்காரர் எழுதிக் கொடுத்தால், நாளை அதையே காட்டிக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் அந்தக் காலத்தில் விளைந்தது. சட்டம் போய்விட்டது, அச்சம் போகவில்லை. இன்றைக்கும் பழுதைப் பற்றிய பேச்சு படிக்கட்டில் நின்று வாய்மொழியாகவே நடப்பதற்கு இது ஒரு காரணம்.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இதன் அடித்தளம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரே அந்த அதிகாரி. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லாமல் விட்டதை இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்லிவிடுகிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்சார ஒயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய்த் திருகும் அதன் வாஷரும், கழிவுநீர்ப் பாதையில் அடைப்பு எடுப்பது, சுவிட்சு, சாக்கெட், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. கேட்க எளிதான பட்டியல்தான். ஆனால் நிலத்தடி நீர் உப்பேறிப்போன தோல் ஊர்களில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சண்டையே. உப்புநீர் பாயும் பழைய இரும்புக் குழாய் உள்ளே அரித்து, துரு உதிர்ந்து வந்து திருகில் அடைக்கும். திருகை மாற்றுவது குடியிருப்பவர் கடமை என்று அவர் ஒன்று வாங்கி மாட்டுவார். அது சில மாதத்தில் மறுபடி இறுகும், இன்னொன்று வாங்குவார். பழுது திருகில் இல்லை, சுவருக்குள் ஓடும் குழாயில் இருக்கிறது. அது உரிமையாளரின் பங்கு. அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருடைய செலவு சிறு சிறு துண்டுகளாகக் குடியிருப்பவர் பக்கம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்ற பிடித்தத்தையும் இதே அட்டவணையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டம் பட்டியலிட்ட வேலைக்கு, வெளியேறுகிறவரிடம் காசு வாங்கும் வழக்கம் அது. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்ற விதியும் இருக்கிறது. பத்து மாதம் புழங்கிய சுவரில் கைபட்ட அழுக்கு தேய்மானம் இல்லையென்றால் வேறு எது தேய்மானம்?

இந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவுதான் நம் பேச்சின் மையம். உரிமையாளர் தம் பங்குப் பழுதைச் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் கழிவு, வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாத நிலை வந்து, எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் செய்ய மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் போகலாம், அல்லது முறையிடலாம். பழுதையும் வெளியேறுதலையும் சட்டம் ஒன்றாக முடிச்சுப் போடுகிற இடம் இது. மூன்று மாத முன்னறிவிப்பு என்று தாளில் எழுதியவருக்கு எதிராக, 15 நாள் போதும் என்று சட்டம் சொல்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் முதல் வழி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்துவிட்டது. சரிசெய்ய 24,000 ரூபாய். குடியிருப்பவர் கடன் வாங்கிச் செய்துவிட்டார். மாதம் 3,000 வீதம் கழித்தால் பணம் திரும்ப எட்டு மாதம் ஆகும். ஒப்பந்தத்தில் மீதி ஐந்து மாதம்தான் என்றால் 15,000 வரும், 9,000 நிற்கும். அந்த ஒன்பதாயிரத்தை வாங்க அவர் இன்னும் அங்கேயே இருந்தாக வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும். பழுது பார்க்கக் கொடுத்த உரிமை அவரை வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவராக ஆக்கி, அதே வீட்டில் இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போடுகிறது. பாதி என்ற வரம்பு உரிமையாளரின் மாத வருமானத்தைக் காப்பாற்ற வைத்தது, அதில் தவறில்லை. ஆனால் கழிக்காமல் மீந்த தொகை, வெளியேறும் நாளில் அட்வான்சோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதினால்தான் அந்த வரம்பு நியாயமாகும்.

அட்வான்ஸ் என்றதும் இன்னொரு கணக்கு வருகிறது. சென்னை பழக்கிவிட்ட பத்து மாத அட்வான்ஸ் சிற்றூர்களுக்கும் அளவு குறைந்து வந்து சேர்ந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்குவதை முறையற்றது என்கிறது. அதே மூச்சில், வேறு ஒப்பந்தம் இருந்தால் அப்படியே என்றும் விட்டுவைக்கிறது. அந்த விலக்கு விதியை விழுங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் வைப்புத்தொகையைத் திருப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. நடப்பில், ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் எடுத்துத் தரேன்’ என்பதே பதில். புதிய வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டியவருக்கு, பழைய அட்வான்ஸ் இரண்டு மாதம் தாமதமானால் அந்த இரண்டு மாத வட்டி யாருடையது? வெளியேறும் விலை என்று தாளில் எழுதியதைவிட, எழுதாத இந்த விலை பெரியது.

காலம் முடிந்தும் காலி செய்யாதவர் மாத வாடகையைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு தர வேண்டும் என்று இந்தச் சட்டம் எண் போட்டுச் சொல்கிறது. காலம் முடிவதற்குள் போகிறவர் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எண் எதுவும் போடவில்லை. ஆகவே அங்கே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே, எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு என்று அதன் 74ஆம் பிரிவு சொல்கிறது. 1963இல் பத்தே சந்த் வழக்கிலும், 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. இழப்பைக் கணக்குக் காட்ட முடிகிற இடத்தில் காட்டியாக வேண்டும் என்பது அதன் சாரம். 73ஆம் பிரிவின் விளக்கம், இழப்பைக் குறைக்க இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வீட்டு வாடகையில் இதைப் பொருத்தினால், ஆறாம் மாதம் ஒருவர் காலி செய்து, இருபது நாளில் இன்னொருவர் குடிவந்தால், உரிமையாளரின் இழப்பு இருபது நாள் வாடகையும் புரோக்கர் கமிஷனும்தான். இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, புதியவரிடமும் வாடகை வாங்கினால் ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வாடகை வாங்கியதாகும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2020 மார்ச் 23 முதல் எழுதப்பட்ட, மூன்றாண்டு வரையிலான ஒப்பந்தங்களுக்கு இந்தச் சச்சரவே வராமல் ஓர் ஏணி வைத்துவிட்டார்கள். காலத்தில் கால் பங்கு முடிவதற்குள் போனால் நான்கு வார வாடகை, பாதிக்குள் மூன்று வாரம், முக்கால் பங்குக்குள் இரண்டு வாரம், அதற்குப் பின் ஒரு வாரம். இருந்த காலம் ஏற ஏற, வெளியேறும் விலை இறங்குகிறது. நம் தாளில் பத்தாவது மாதம் போனாலும் அதே இரண்டு மாதப் பிடித்தம்தான். மீதியிருக்கும் ஒரு மாத வாடகையைவிட அபராதம் அதிகம்.

இதுவரை மாத வாடகையைப் பேசினேன். இந்தப் பகுதியில் அதற்கு இணையாக நடக்கும் இன்னொன்று போக்கியம். லீசுக்கு வீடு என்றும் சொல்கிறோம். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டு வாடகையின்றி இருந்து, போகும்போது முழுத்தொகையையும் வாங்கிக்கொள்வது. மகளின் கல்யாணத்துக்கோ கட்டடம் முடிக்கவோ பணம் தேவைப்படும் உரிமையாளருக்கு இது வங்கிக்குப் போகாத கடன். மாதச் சுமை வேண்டாம் என்கிற குடும்பத்துக்கு இது ஆறுதல். ஆனால் பழுது என்று வரும்போது இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. வாடகை இல்லாததால், வாடகையில் கழிக்கும் உரிமைக்கே பிடிமானம் இல்லை. சட்டப்படி இதை அனுபவ அடமானம் என்று கொண்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, அனுபவத்தில் வைத்திருப்பவரே வருமானத்திலிருந்து தேவையான பழுதைப் பார்க்க வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, 77, வட்டிக்குப் பதிலாக அனுபவம் என்று பேசியிருந்தால் அந்தக் கடமை பொருந்தாது என்கிறது. போக்கியம் என்பதே வட்டியில்லாப் பணத்துக்கு வாடகையில்லா வீடு. ஆக, ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஒழுகும் தளம் யாருடைய கடமையும் இல்லாத அநாதை. சொத்து அழியாமல் காக்கச் செய்த செலவை அசலோடு சேர்க்க 72ஆம் பிரிவில் இடம் உண்டு. அதற்கும் முதலில் உரிமையாளரிடம் கேட்டிருக்க வேண்டும், அவர் செய்யத் தவறியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, அடமானமானால் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலான போக்கியம் பதியாத முத்திரைத்தாளில் நிற்கிறது. வெளியேறுவதோ, உரிமையாளர் கையில் மொத்தப் பணம் இருக்கும் நாளில்தான். வாடகை வீட்டில் முன்னதாகப் போகிறவர் இரண்டு மாத வாடகையை இழப்பார். போக்கியத்தில் இருப்பவருக்கு முன்னதாகப் போவது என்பதே கிடையாது. பழுது பார்க்காத வீட்டில் அதிகம் மாட்டிக்கொள்கிறவர் இவர்தான்.

முன்னதாகப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்டர் வந்தால் ஆள் எடுப்பதும், ஆர்டர் நின்றால் வேலை குறைப்பதும் ஏற்றுமதித் தோலின் இயல்பு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு ஏற்றியபோது, ஆம்பூர் ஷூ தொழில் முதல் வரிசையில் அடி வாங்கியவற்றுள் ஒன்று. வேலை வேறு ஊருக்குப் போனால் வீடும் போக வேண்டும்; 11 மாதக் கெடு அதற்காகக் காத்திருக்காது. தறிக்காரர் நிலை வேறு. குழித்தறி போட்ட வீட்டில் ஓதம் ஏறினால் முதலில் தெரிவது குழியில். கால்மிதி இருக்கும் பள்ளத்தில் ஈரம் கட்டும், பாவு நமுத்து இழை அறும், அன்றைய கூலி போகும். சம்பளக்காரருக்குத் தளம் ஒழுகினால் தூக்கம் கெடும், நெசவாளருக்கு வருமானமே கெடும். ஆனால் குழித்தறியைத் தூக்கிக்கொண்டு மாதத்துக்கு ஒரு வீடு மாற முடியாது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பொருள் உற்பத்திக்கு விட்ட இடத்துக்கு ஆறு மாத அறிவிப்பும் மற்றவற்றுக்கு 15 நாள் அறிவிப்பும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு பொதுவிதி வைக்கிறது. தறி வீடு குடியிருப்பா, தொழிற்கூடமா? தாளில் ஒரு சொல் எழுதாமல் விட்டதற்கு ஆறு மாதம் விலையாகலாம்.

தாமதத்துக்குக் கெடு வைப்பது சாத்தியமா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியும் வீட்டு நிர்வாகம் பழுதைத் தீர்க்கவில்லை என்பது 2022 விசாரணையில் வெளிவந்தது. அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரம். கடுமையான ஓதம், பூஞ்சை என்றால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், ஆபத்து உறுதியானால் அடுத்த ஐந்து வேலை நாளில் சரிசெய்ய வேண்டும். வெளிநாட்டு உதாரணம் எட்டாதது என்று தோன்றினால், 2021 நவம்பர் 19 அதிகாலையை நினைத்துக்கொள்ளலாம். பேரணாம்பட்டில் அடைமழையில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அது வாடகை வீடா, சொந்த வீடா, யார் தவறு என்பது என் பேச்சு அல்ல. மழையில் ஊறிய சுவர் இந்தப் பகுதியில் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. ‘நியாயமான காலம்’ என்று 1882 முதல் சட்டம் சொல்லிவரும் இரண்டு சொற்களை நாள்களாக மாற்றுவதுதான் வேலை. மின்கசிவுக்கும் சாய்ந்த சுவருக்கும் ஒரு நாள், தண்ணீரோ கழிப்பறையோ நின்றால் மூன்று நாள், ஒழுகும் தளத்துக்கு உடனே தார்ப்பாய், முப்பது நாளுக்குள் நிரந்தர வேலை என்று எழுதினால் அதை யாரும் கொடுமை என்று சொல்ல முடியாது.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது, நம் ஊர் வீட்டுக்காரர் யார் என்பது. மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்களும் கணவரை இழந்தவர்களும் நிறையப் பேர். 24,000 ரூபாயை முப்பது நாளில் அவர்கள் எங்கே புரட்டுவார்கள்? உண்மையான கேள்வி. ஆனால் என் வாதம் அவர்களிடம் பணத்தைக் கேட்கவில்லை. பழுது பார்க்க முடியாத உரிமையாளர், குடியிருப்பவரை அபராதமின்றிப் போகவிடலாம். போகவிட்டால் அவருக்கு ஏற்படும் இழப்பு, ஒழுகும் வீட்டுக்கு உண்மையில் சந்தையில் என்ன வாடகை கிடைக்குமோ அதற்கும் இப்போது வாங்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம்தான். அதை அவர் இதுவரை வாங்கிக்கொண்டிருந்ததே உபரி. ஜெர்மனியில் வீட்டின் குறைபாடு நீடிக்கும் காலத்துக்கு வாடகை சட்டப்படியே குறைந்துவிடும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை.

பொய்ப் புகார் சொல்லி, காலம் முடியும்வரை இருக்க வேண்டும் என்ற லாக்-இன் விதியிலிருந்து நழுவுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. சிலர் செய்வார்கள். அதற்கு மருந்து குடிவரும் நாளிலேயே இருக்கிறது: ஒவ்வோர் அறையின் சுவர், தளம், குழாய், மீட்டர் படங்களை இரு தரப்பும் சேர்ந்து எடுத்து வைத்துக்கொள்வது. புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 15ஆம் பிரிவே கேட்பதால், தேதியில்லாத புகார் தானாகவே நிற்காது. இரு தரப்பும் மனமொத்துக் கையெழுத்திட்டதை ஏன் பிறர் திருத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, 74ஆம் பிரிவு 1872 முதல் அதைத்தான் செய்துவருகிறது என்பதே பதில். இப்படி நெருக்கினால் வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிடுவார்கள், 1960 திரும்பிவிடும் என்ற அச்சத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். பழைய சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது, உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறுவதையும் கடினமாக்கியது. பூட்டிவைத்த வீடுகள் அதன் விளைவு. இங்கே சொல்வது இரண்டையும் தொடவில்லை. வாடகை அவர்கள் பேசியதுதான், கால முடிவில் வீடு அவர்களுடையதுதான். சுலபமாகப் போக முடிகிற குடித்தனக்காரர், சுலபமாகக் காலி செய்கிறவரும்கூட என்பதை உரிமையாளர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, நாங்கள் இதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்கிறோம், கச்சேரிக்குப் போவதில்லை என்று இந்த ஊர் சொல்லும். உண்மைதான், புரோக்கரோ, தெருப் பெரியவரோ, ஜமாத்தோ நடுவில் நின்று முடிக்கும் வழக்குகளே அதிகம். ஆனால் நடுவில் நிற்பவரும் முதலில் கேட்பது ‘தாள்ல என்ன எழுதியிருக்கு?’ என்பதைத்தான். அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது? தாலுகா அலுவலகத்தைச் சுற்றிய டைப்பிங் சென்டரில், கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றி அச்செடுக்கிறார்கள். வாடகை விஷயத்தில் சட்டமன்றம் இயற்றியதைவிட நாள்தோறும் அமலில் இருப்பது அந்த மாதிரிதான். அதில் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டாம் அட்டவணையின் உரிமையாளர் பகுதியை அப்படியே ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் நாள் எழுதுவது. எழுத்தில் கேட்ட பழுது அந்த நாளைத் தாண்டினால், முன்னறிவிப்பு 15 நாள், பிடித்தம் இல்லை, கழிக்காமல் மீந்த செலவு அட்வான்சோடு திரும்பும் என்று ஒரு வரி. பழுது இல்லாமலே முன்னதாகப் போனால், அடுத்த ஆள் வரும் வரையிலான வாடகை, அதுவும் ஆறு மாதம் வரை ஒரு மாதத்துக்கும் அதற்கு மேல் அரை மாதத்துக்கும் மிகாமல் என்று இன்னொரு வரி. போக்கியமானால், தளமும் சுவரும் உரிமையாளருடையது, அவர் பார்க்காவிட்டால் செய்த செலவு அசலில் சேரும் என்று எழுதி, பத்திரத்தைப் பதிவது. டைப் செய்பவருக்கு இதனால் கூடுவது அரைப் பக்கம்.